அடைத்த வாசல்

ரூய்க்ராஸ் பண்ணை,
லைடன்பர்க் சாலை.
6 மார்ச் 2011

அன்புத் தங்கை ரைசிபேவுக்கு,

நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். உன் பக்கம் எப்படி என்று தெரியவில்லை. ஜோஹன்னஸ்பர்க்கில் மழை நின்றதா? விடுதிச் சாப்பாடு வாயில் வைக்கும்படி இருக்கிறதா?

அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். போனில் பேசினால் பேச்சு பேசின இடத்திலேயே போய்விடுகிறதாம். கடிதம் என்றால் மறுபடி வாசிக்கச் சொல்லலாமாம். அதனால் இனி இப்படித்தான். நான் எழுதுவதை முழுவதும் அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் உறையை ஒட்ட வேண்டும். நீ எழுதுவதையும் அப்படியே. மபேனாவின் மினிபஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். விசாரித்துவிட்டுத்தான் வாங்குவான்.

"யாருக்கு, காதலிக்கா?"

"என் தங்கச்சிக்குடா."

"அப்ப கூடவே கீரை மூட்டையும் வருமே. வண்டி பூரா நாறும்."

கீரை மூட்டையும் வருகிறது. காயவைத்தது. ஊறவைத்துச் சாப்பிடு.

எனக்கு வேலை மாறிவிட்டது. ஆற்றில் மீன் குறைந்ததும் மிஸஸ் லூபஸர் பண்ணையில் வாடகைக்கு விடும் குடில்களுக்கு ஆள் வருவது நின்றுபோனது உனக்குத் தெரியும். இப்போது வருகிறார்கள், மீனுக்காக இல்லை. மேட்டிலுள்ள கல் வட்டத்தைப் பார்க்க. பச்சைச் சட்டை கொடுத்திருக்கிறார், அதில் என் பெயர். சொல்ல வேண்டியதை அச்சடித்தும் கொடுத்திருக்கிறார். லட்சக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் வானத்திலிருந்து சிலர் வந்தார்கள். அவர்களுக்குத் தங்கம் வேண்டியிருந்தது. தாங்களே தோண்டி அலுத்துப்போய் மனிதனைச் செய்தார்கள். கல் வட்டங்கள் அவர்கள் வைத்துவிட்டுப் போன எந்திரங்கள்.

மேற்குச் சுவரில் ஓரிடத்தில் கல் வேறு மாதிரி அடுக்கியிருக்குமே, அதை 'அடைத்த வாசல்' என்று சொல்கிறேன். அவர்கள் திரும்பிப் போன வழி. இது அச்சில் இல்லை, நான் சேர்த்தது. அதன் பக்கத்தில் மிதிக்கக் கூடாது, செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும் என்கிறேன். பேராசிரியர்கள்கூடக் கழற்றுகிறார்கள்.

நேற்று அப்பாவும் கூட்டத்தோடு மெதுவாக ஏறி வந்துவிட்டார். கடைசிவரை கேட்டார்.

"தங்கம் தோண்டத்தான் மனுஷனையே செஞ்சாங்களா?"

"அப்படித்தான்பா எழுதியிருக்கு."

"யாரோ விஷயம் தெரிஞ்சவன் எழுதியிருக்கான்."

இருமினார். கூட்டம் காத்திருந்தது.

"தங்கத்த அவங்க எடுத்துக்கிட்டாங்க, சரி. தூசி யாருக்குன்னு அதுல இருக்கா?"

தாடிவைத்த ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார்.

இனி அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:

ரைசி, நான் நல்லா இருக்கேன். உன் அண்ணன் இப்ப கடவுள் வியாபாரம் பண்றான். வியாபாரம் பரவாயில்ல. தங்கச் சுரங்கத்துல எங்களுக்கு ஹெல்மெட்தான் குடுத்தாங்க, இவனுக்குச் சட்டையே குடுத்திருக்காங்க. பக்கத்துக் கொட்டகைப் பசு கன்னு போட்டிருக்கு, நெத்தியில வெள்ளை. அந்த வெள்ளை உன் அம்மா நெத்தித் தழும்பு மாதிரி இருக்கு. சிரிக்காத. நீ ராத்திரி வெளிய போகாத. போனா ஆளோட போ. அந்த ஆளு யாருன்னு எழுது. சாப்பிடு.

உன் அண்ணன்,
லெசிபா

*

பிராம்ஃபோன்டெய்ன்.
ஜோஹன்னஸ்பர்க்.
20 மார்ச் 2011

அன்புள்ள அண்ணா, அப்பா,

நான் உயிரோடு இருக்கிறேன். கீரையும் வந்தது. அறைத்தோழி ஜன்னலைத் திறந்து வைத்தாள், பிறகு அவளும் சாப்பிட்டாள். ஆள் யாரும் இல்லை அப்பா. இருந்தால் முதலில் உங்களுக்குத்தான் எழுதுவேன்.

அண்ணா, அப்பா கேட்டுக்கொண்டிருப்பார் என்பதால் உன்னைத் திட்டவில்லை.

போன வாரம் வகுப்பில் ஒரு இணையப் பக்கத்தைத் திரையில் காட்டினார்கள். இப்படியும் நம்புகிறார்கள் பாருங்கள் என்று. வட்டத்தின் நடுவில் பச்சைச் சட்டையில் ஒருவன், கையை வானத்துக்கு நீட்டிக்கொண்டு. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். என் அண்ணன் என்று சொல்லவில்லை. சட்டை உனக்குப் பொருந்தியிருந்தது.

அது மாட்டுத் தொழுவம், அண்ணா. நம் ஆட்கள் கட்டியது. எனக்கு முன்பே உனக்குத் தெரியும். இங்கே நான் படிப்பதெல்லாம் ஒன்றுதான்: இந்தச் சுவர்களை யார் கட்டியது என்று கேட்டால் எப்போதும் வேறு யாரையாவதுதான் காட்டியிருக்கிறார்கள். முன்பு கடல் தாண்டி வந்தவர்கள் என்றார்கள். இப்போது வானம் தாண்டி. பக்கத்துக் குடிசையில் சோளம் இடித்துக்கொண்டிருந்தவர்களை மட்டும் யாரும் கேட்டதில்லை.

அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? இதற்குப் பதில் எழுது. கன்றுக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

அன்புடன்,
ரைசிபே

*

ரூய்க்ராஸ்.
10 ஏப்ரல் 2011

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

இருமல் நன்றாக இருக்கிறது. கன்றின் பெயர் ஜெர்மனி. அந்த வாரம் அந்த நாட்டிலிருந்து வந்த கூட்டம் வைத்தது.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். சிரித்த இடத்தை அப்பா மறுபடி வாசிக்கச் சொன்னார்.

போன வாரம் மிஸஸ் லூபஸர் அப்பாவுக்குச் சூப் கொண்டுவந்தார். அப்பா கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு நேராகவே கேட்டுவிட்டார்.

"மேடம், நான் போனா என்னை மேட்டுத் தொழுவத்துல வைக்கணும்."

"எந்தத் தொழுவம், மதோமே?"

"உங்க வானத்து ஆளுங்க எந்திரம் வெச்ச இடம். எங்க தாத்தா செகோதி அங்கதான் இருக்காரு."

அவர் என்னைப் பார்த்தார். நான் சூப்பைப் பார்த்தேன்.

"அங்க யாரையும் புதைச்சதில்லன்னு லெசிபாதானே வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்றான். மனுஷங்க வாழ்ந்த இடமே இல்லங்கிறான். தைல மரத்தடியில நல்ல இடமாத் தர்றேன், மதோமே. நிழலா இருக்கும்."

"தைல மரம் சுத்தியிருக்கற தண்ணியெல்லாம் குடிச்சிரும் மேடம். எனக்குத் தாகம் எடுக்கும்."

சிரித்துவிட்டுத்தான் போனார். கெட்டவர் இல்லை. அவருடைய அப்பாவுக்குக் குழி வெட்டியது நம் அப்பா. அந்தக் கல்லறைக்கு இரும்பு வேலி உண்டு, பார்த்திருக்கிறாய்.

அப்பா சொல்கிறார்: ரைசி, வகுப்புல சிரிச்சா நீயும் சிரி. தப்பில்ல. குளிருக்கு ஒரு சட்டை வாங்கு. சாப்பிடு.

உன் அண்ணன்,
லெசிபா

*

பிராம்ஃபோன்டெய்ன்.
24 ஏப்ரல் 2011

அன்புள்ள அண்ணா, அப்பா,

நான் உயிரோடு இருக்கிறேன். சட்டை வாங்கிவிட்டேன், நீலம்.

அப்பா, முதல் கடிதத்தில் அரைப் பக்கம் சொன்னீர்கள். இந்த முறை இரண்டு வரி. அண்ணன் எழுதச் சோம்பல்படுகிறானா? காதைத் திருகுங்கள்.

சட்டம் படிக்கும் தோழி ஒருத்தியிடம் கேட்டேன். பண்ணையில் குடியிருப்பவர்கள் தங்கள் வீட்டு ஆளை அங்கேயே புதைக்கலாம். சொந்தக்காரர் மறுக்க முடியாது. ஆனால் அந்த இடத்தில் முன்பும் புதைக்கும் வழக்கம் இருந்தது என்று காட்ட வேண்டும். கல்வெட்டு வேண்டாம். தெரிந்தவர் சொன்னால் போதும். அடையாளம் ஏதாவது இருந்தால் நல்லது.

செகோதி பூட்டன் சரியாக எந்த இடத்தில் இருக்கிறார், அண்ணா? அப்பாவால் இப்போது மேடு ஏறிக் காட்ட முடியுமா? முடியாதென்றால் நீதான் சொல்ல வேண்டியிருக்கும். யார் முன்னால் என்பதும் உனக்குத் தெரியும்.

அன்புடன்,
ரைசிபே

*

ரூய்க்ராஸ்.
8 மே 2011

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். உறைபனி தொடங்கிவிட்டது. புல் காலையில் உடைகிறது.

சட்டத்தை வாசித்துக் காட்டினேன். "சாகறதுக்கும் சட்டமா? நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ஜூனில் வருஷத்தின் மிகக் குறுகிய பகலன்று பெரிய கூட்டம் வருகிறது. எல்லாக் குடிலும் நிறைந்துவிட்டது. விடியும்போது முதல் வெயில் நேரே அடைத்த வாசல்மேல் விழுவதைப் பார்க்க வேண்டுமாம். அங்கே விழாது, சுவரின் மேல்விளிம்பில்தான் படும். மிஸஸ் லூபஸர் புதுத் தாள் அச்சடித்திருக்கிறார். அதில் என் படம். "மனிதக் கால் படாத மண்" என்று கீழே எழுதியிருக்கிறது. என் வாயிலிருந்து எடுத்ததுதான்.

ஜெர்மனி நன்றாக மேய்கிறது. மபேனா வண்டிக்குப் புது டயர் போட்டிருக்கிறான். வேறு விசேஷமில்லை.

அப்பா சொல்கிறார்: சாப்பிடு.

உன் அண்ணன்,
லெசிபா

(உறையின் பின்புறம், பென்சிலில்:) ஒட்டிய பிறகு எழுதுகிறேன். ஜூன் விடுமுறைக்குக் காத்திருக்காதே.

*

பிராம்ஃபோன்டெய்ன்.
11 மே 2011

அண்ணா,

நான் உயிரோடு இருக்கிறேன். வெள்ளிக்கிழமை மபேனாவோடு வருகிறேன். அப்பாவிடம் இப்படி வாசி: பரீட்சை தள்ளிப்போய்விட்டது, அதனால் வருகிறாள். தள்ளிப்போகவில்லை. இதையும் சேர்த்து வாசித்துத் தொலைத்திருந்தால் பரவாயில்லை.

ஒன்று கேட்க வேண்டும். நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. அதற்குப் பிறகு ஒரு வரியும் படிக்க ஓடவில்லை.

நம் வழக்கத்தில் வீட்டுத் தலைவனை மாடு போகும் வாசல் வழியாகத் தொழுவத்துக்குள் கொண்டுபோவதில்லை. சுவரில் ஓரிடத்தைத் திறந்து அந்த வழியாக உள்ளே கொண்டுவந்து, புதைத்த பிறகு கல்லை மறுபடி அடுக்கி அடைப்பார்கள். அம்மாவின் அண்ணனுக்கு அப்படிச் செய்தபோது நான் சின்னப் பெண். நீ கல் சுமந்தாய்.

அடைத்த இடத்தில் கல் வேறு மாதிரிதான் உட்காரும்.

அது யாரும் போன வாசல் இல்லை, அப்படித்தானே? செருப்பைக் கழற்றச் சொல்வது எதற்கு, பக்கத்தில் மிதிக்காதே என்பது யாருக்காக என்று இப்போது புரிகிறது. எத்தனை பேரைப் பூட்டனின் தலைமேல் நடக்கவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாய், அண்ணா! நான் வகுப்பில் உன்னைப் பார்த்துச் சிரித்தேன்.

வந்து பேசுகிறேன்.

ரைசி

*

பிராம்ஃபோன்டெய்ன்.
5 ஜூன் 2011

அன்புள்ள அண்ணா,

நான் உயிரோடு இருக்கிறேன். நீங்கள் இருவரும் அப்படியே இருங்கள்.

இந்தத் தாளைத் தனியாக மடித்திருக்கிறேன். இதை வாசித்துக் காட்டாதே. மற்றதில் ஊர்க்கதை நிறைய எழுதியிருக்கிறேன். அப்பா சிரிக்கும் இடத்தில் நிறுத்தி வாசி. மூச்சு வாங்கட்டும்.

அப்பா இவ்வளவு மோசமாக இருப்பதை நீ ஏன் எழுதவில்லை என்று கேட்க நினைத்துக்கொண்டுதான் வந்தேன். அந்த அறையில் உட்கார்ந்ததும் கேட்கத் தோன்றவில்லை. அவர் முகத்துக்கு நேரே அதை எப்படி எழுதுவாய்? எழுதினால் வாசிக்க வேண்டுமே.

மிஸஸ் லூபஸரிடம் நான் பேசியது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். சட்டத்தைச் சொன்னேன். சுவரைச் சொன்னேன். எல்லாம் கேட்டுக்கொண்டார். கடைசியில் சொன்னது இவ்வளவுதான்:

"நீ படிச்சது நீ சொல்ற. உங்கண்ணன் இங்கயே இருக்கறவன். அவன் வந்து என் முன்னால, அந்த ஜனங்க முன்னால, இங்க எங்க ஆளுங்க இருக்காங்கன்னு ஒருதரம் சொல்லட்டும். நான் மறுக்க மாட்டேன்."

உன்னைக் கூப்பிட வெளியே வந்தேன். நீ விறகு எடுக்கப் போயிருந்தாய். விறகு வீட்டில் ஏற்கெனவே கூரைவரை இருந்தது.

குத்திக்காட்டவில்லை. அந்தச் சட்டைதான் அங்கே அடுப்பை எரிக்கிறது. இங்கே என் விடுதியையும். நீ அந்தக் கதையை விட்டால் கூட்டம் போகும், கூட்டம் போனால் வேலை போகும். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன். அப்பா தைல மரத்தடியில் தாகத்தோடு கிடக்க வேண்டாம்.

அன்புடன்,
ரைசி

*

ரூய்க்ராஸ்.
22 ஜூன் 2011

ரைசி,

நான் உயிரோடு இருக்கிறேன்.

மபேனாவிடம் இதைக் கொடுத்திருக்கிறேன். வாசலிலேயே நிற்பான். அவனோடு புறப்பட்டு வா. போன் செய்யலாமென்று மேட்டுக்குப் போனேன். சிக்னல் இருந்தது. எண்ணை அழுத்தாமலே இறங்கி வந்துவிட்டேன்.

சோளம், பூசணி, தர்பூசணி விதைகளைக் குழியில் கூடவே வைக்க எடுத்து வைத்துவிட்டேன். கம்பளி அவருடையதே போதும். சனிக்கிழமை விடியும்போது.

சுவர் திறந்திருக்கிறது.

வாசித்துக் காட்டாமல் ஒட்டும் முதல் கடிதம். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

லெசிபா

*

பிராம்ஃபோன்டெய்ன்.
17 ஜூலை 2011

அன்புள்ள அண்ணா,

நான் உயிரோடு இருக்கிறேன். மழித்த தலையில் முடி முள்ளாக வந்துவிட்டது. சட்டைக் கையில் ஊசியால் குத்திய கறுப்புத் துணியைப் பார்த்து வகுப்பில் கேட்டார்கள். அப்பா என்றேன். என்ன வேலை செய்தார் என்றார்கள். சுரங்கத்தில் என்றேன். எங்கே புதைத்தீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். திரையில் அன்று நீங்கள் பார்த்துச் சிரித்த இடத்தில், பச்சைச் சட்டைக்காரன் என் அண்ணன் என்றேன். பேராசிரியர் பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

குழியின் ஓரத்தில் மண்ணுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு அடுக்கு தெரிந்ததே, பழைய சாணம் அது. என் படிப்பில் அதற்குச் சான்று என்று பெயர். ஒரு பிடி எடுத்து முகர்ந்தேன். வாசனை ஒன்றும் இல்லை. திரும்பப் போட்டுவிட்டேன்.

நான் வந்தபோது சுவரைத் திறந்து முடித்திருந்தீர்கள். கல்லெல்லாம் வரிசையாக வெளியே வைத்திருந்தது, எதை எங்கே எடுத்தாயோ அந்த வரிசையில். மிஸஸ் லூபஸர் தலையில் துணி கட்டிக்கொண்டு பெண்களோடு நின்றார். எப்படி ஒப்புக்கொண்டீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "உங்கண்ணனையே கேளு" என்றார். உன்னிடம் கேட்க அங்கே நேரமில்லை. நீயாகவும் சொல்லவில்லை.

அந்த ஜனங்களிடம் என்ன சொன்னாய்? வேலை என்னாயிற்று?

அன்புடன்,
ரைசி

*

ரூய்க்ராஸ்.
7 ஆகஸ்ட் 2011

அன்புத் தங்கை ரைசிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் என்று உன் கடிதம் சொல்கிறது. ஆக, இருவர்.

பதில் தாமதம். எழுத உட்கார்ந்தால் பக்கத்தில் பார்க்கிறேன்.

அவர் போனது திங்கட்கிழமை. மறுநாள் அந்தக் குறுகிய பகல். விடியும் முன்பே எல்லாரும் போர்வைகளோடு மேட்டில் காத்திருந்தார்கள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அச்சிலுள்ளதையே ஆரம்பித்தேன். வானம், தங்கம், எந்திரம். அடைத்த வாசலுக்கு வந்தோம். சொல்லாமலே செருப்பைக் கழற்றினார்கள், தெரிந்த கூட்டம். புல்லெல்லாம் பனி. வெறுங்காலோடு நின்றுகொண்டு என் வாயைப் பார்த்தார்கள்.

"இது யாரும் போன வாசல் இல்ல" என்றேன்.

மிஸஸ் லூபஸர் பின்னால் நின்றிருந்தார்.

"எங்க பூட்டன் செகோதி இது வழியாத்தான் உள்ள வந்தாரு. உள்ளதான் இருக்காரு. இது மாட்டுத் தொழுவம். எங்க ஆளுங்க கட்டுனது. இவ்வளவு நாளும் உங்கள நான் அவரு மேல மிதிக்காம நிக்க வெச்சேன், அவ்வளவுதான். நேத்து எங்கப்பா போயிட்டாரு. இத நான் மறுபடி திறக்கணும்."

ஒரு அம்மாள் கேட்டார், "அப்ப அந்த வானத்து ஜனங்க?"

"அவங்கள எனக்குத் தெரியாதும்மா. இவரைத் தெரியும்."

யாரோ பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. சிலர் செருப்பை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். மார்ச்சில் வந்த தாடிக்காரர் அதே இடத்தில் நின்றார்.

"தூசி யாருக்குன்னு கேட்டாரே, அவரா?"

"அவருதான்."

நான் மிஸஸ் லூபஸரைப் பார்த்தேன். அவர் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். அவருக்கு முட்டி வலி உண்டு, நேரமாயிற்று. இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பனியில் நின்றார்.

முதல் கல்லை மகன் எடுக்க வேண்டும். எடுத்தேன். அதற்குப் பிறகு தாடிக்காரரும் எடுத்தார். வரிசை தவறாமல் வைக்கச் சொன்னேன். வைத்தார்.

வானத்துக் கதை எழுதியிருந்த அறிவிப்புப் பலகையை மறுவாரம் மிஸஸ் லூபஸரே கழற்றிவிட்டார். பச்சைச் சட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை, போடச் சொல்லவும் இல்லை. குடில்கள் பாதிக்கு மேல் காலி. உன் விடுதிக்கு இந்த முறை கொஞ்சம் தாமதமாகும். அதைப் பார்க்கலாம். இன்னும் சிலர் வருகிறார்கள். தாடிக்காரர் சொல்லி அனுப்பியவர்கள். மேலே கூட்டிப்போகிறேன். அச்சடித்த தாள் இல்லாததால் நடுவில் நிறைய நேரம் சும்மா நிற்கிறோம்.

கல்லை அடைத்துவிட்டேன். பழைய ஆட்கள் கை இல்லை, என் கை. தூரத்திலிருந்தே தெரிகிறது. தெரியட்டும்.

இந்தக் கடிதத்தை மேட்டுக்கு எடுத்துப்போய் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டுகிறேன். காற்று அதிகம், சத்தமாக வாசிக்க வேண்டியிருந்தது. தூசி வரும் இடத்தில் நிறுத்தி மறுபடி வாசித்தேன். அந்த இடம் அவருக்குப் பிடிக்கும்.

அவர் சொல்ல வேண்டியதை நானே எழுதுகிறேன்: ரைசி, சாப்பிடு.

உன் அண்ணன்,
லெசிபா